நோயாளியோடு யாரும் வழக்காடுவதில்லை

விண்ணப்பம் போடாமல், நேர்முகப் பரீட்சைக்குப் போகாமல், யார் காலையும் பிடிக்காமல் இந்த நாட்டில் கிடைக்கக்கூடிய ஒரே நிரந்தர உத்தியோகம் நீண்டகால நோயாளி உத்தியோகம்தான். எனக்கு அது இருபது வயதில் கிடைத்தது. பேராதனையில் இரண்டாம் வருஷம் மெய்யியல் படித்துக்கொண்டிருந்தவளை, இடது விலாவுக்குக் கீழே குடியேறிய ஒரு பாரமும், விட்டுவிட்டு வந்த காய்ச்சலும் சேர்ந்து மாத்தளைக்குத் திருப்பி அனுப்பின. நோயின் பெயர் இரத்தப் புற்றுநோய். அதிலும் ஆறுதலாக வேலை பார்க்கிற வகை. உடனே கொல்லாது, விட்டும் போகாது.

இந்த உத்தியோகத்தில் நமக்கு மேலே யாரும் இல்லை என்று நினைப்பவர்கள் இதில் ஒரு நாளாவது இருந்து பார்க்க வேண்டும். தோடம்பழத்தோடு வாசலில் வந்து நிற்கிற ஒவ்வொருவரும் நமக்கு மேலதிகாரி. வாடிக்கையாளரும் அவர்தான். அவர் கேட்கிறபோது களைத்த முகம் காட்ட வேண்டும். "இப்ப கொஞ்சம் பரவால்லையா?" என்றால் பரவாயில்லை என்று சொல்ல வேண்டும். பரவாயில்லை என்று அதிக உற்சாகமாகச் சொல்லிவிட்டால் அதுவும் குற்றம். கட்டிலிலும் சாய்வு நாற்காலியிலும் கடமை பார்க்கும் என் சக ஊழியர்களே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். சுகமாக இருப்பவர்களும் வாசித்தால் வாசித்துவிட்டுப் போகட்டும். தலையை ஒரு பக்கம் சாய்த்து "பாவம்" என்று மட்டும் சொல்லக் கூடாது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குத் திரும்பவும் கம்பஸுக்குப் போக வேண்டும் என்றிருந்தது. குளிசையை ஒழுங்காகப் போட்டு, கிளினிக்குக்கும் ஒழுங்காக வந்தால் போகலாம் என்று டாக்டரே சொல்லிவிட்டார். வீட்டில்தான் பதில் கிடைக்கவில்லை. "போகட்டுமா?" என்று கேட்டால் அப்பா "பார்ப்போம்மா" என்பார். மாத்தளைக் கோர்ட்டில் ஒரு புரொக்டரிடம், அதாவது வக்கீலிடம், கிளார்க்காக இருக்கிற மனிதர் அவர். ஆமென்றால் ஆம், இல்லையென்றால் அதற்கு அடுக்கடுக்காக நியாயம். பத்திரிகைத் தலையங்கத்திலிருந்து பருப்பில் பூண்டு போடுவது வரை என்னோடு வழக்காடாமல் அவருக்கும் பொழுது போகாது, அவரோடு வழக்காடாமல் எனக்கும் சோறு இறங்காது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் அவர் என்னோடு எதிர்த்துப் பேசுவதை விட்டுவிட்டார். விலாவில் இருக்கிற பாரம் அதற்குப் பிறகுதான் எனக்குப் பாரமாகவே தெரிந்தது.

டாக்டரோடு முதல் வழக்கு

கண்டி ஆஸ்பத்திரியில் பரிசோதனை முடிவு வந்த அன்று டாக்டர் அப்பாவை மட்டும் உள்ளே கூப்பிட்டார். கதவுக்கு அந்தப் பக்கம் இரண்டு ஆண்கள் என் இரத்தத்தைப் பற்றி இரகசியம் பேசுகிறார்கள். இந்தப் பக்கம் அந்த இரத்தத்தின் சொந்தக்காரி வாங்கில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருக்கிறாள். இது எந்த ஊர் நியாயம்? அப்பா வெளியே வந்தபோது முகத்தில் ஒன்றுமே இல்லை. "இரத்தம் கொஞ்சம் சரியில்லையாம்மா" என்றார். எத்தனையோ சாட்சிகள் பொய் சொல்வதை அன்றாடம் கேட்கிற மனிதருக்கு ஒரு பொய்யை உருப்படியாகச் சொல்லத் தெரியவில்லை.

அவர் தடுப்பதற்குள் நான் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். டாக்டர் இளம் வயதுக்காரர், யாழ்ப்பாணத்து ஆள், நோயை வருத்தம் என்கிறவர். "எனக்கு என்ன நோய்?" என்றேன். என் கண்ணைப் பார்த்து நோயின் பெயரைச் சொன்னார். மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். பிடித்துக்கொண்டே கேள்வி கேட்கத் தொடங்கினேன். நிறுத்தினால் விழுந்துவிடுவேன் போலிருந்தது. என் இரத்தத்தில் இருப்பதை அப்பாவிடம் முதலில் சொல்ல உங்களுக்கு யார் அனுமதி தந்தது? குளிசையால் நோய் போகுமா, அடங்குமா? அடங்கும் என்றால் எவ்வளவு காலம்? தெரியாது என்றால், தெரியாததைத் தெரியாது என்று அப்பாவிடமும் சொன்னீர்களா?

பாவம், ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். வெள்ளை அணுக்கள் அளவுக்கு மிஞ்சிப் பெருகிவிட்டன. குளிசை அவற்றை அடக்கி வைக்கும். சிலருக்கு வருஷக் கணக்கில் நன்றாகப் போகும், சிலருக்குப் போகாது. நான் எந்தச் 'சிலர்' என்று அவருக்குத் தெரியாது. அடுத்த கேள்விக்காக நான் மூச்சு வாங்கிய இடைவெளியில் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்:

"தங்கச்சி, நீர் இப்ப ஆரோட வழக்காடுறீர்? என்னோடயோ, வருத்தத்தோடயோ?"

வெள்ளைக்குத் தடை

அப்பா அம்மாவிடம் நோயின் பெயரைச் சொல்லவில்லை. "இரத்தத்துல வெள்ளை கூடிப்போச்சாம்" என்பதோடு நிறுத்திக்கொண்டார். அம்மாவுக்கு அது போதுமாக இருந்தது. வெள்ளை கூடினால் என்ன செய்ய வேண்டும்? வெள்ளையை நிறுத்த வேண்டும். மறுநாள் காலையிலேயே எங்கள் அடுப்படியில் சட்டம் அமுலுக்கு வந்தது. பால் இல்லை. தயிர் இல்லை. சீனி இல்லை. பாண், இடியப்பம், பச்சரிசி எதுவும் இல்லை. முட்டையில் மஞ்சள் மட்டும். எல்லாவற்றுக்கும் மேலாகத் தேங்காய்ப் பால் இல்லை. சக ஊழியர்களே, தேங்காய்ப் பால் விடாத சொதியை நீங்கள் கண்டதுண்டா? மஞ்சள் கரைத்த வெந்நீரில் இரண்டு பச்சை மிளகாய் நீச்சலடிக்கும். வீட்டில் எல்லோருக்கும் அதுதான். சிவப்பரிசி, பீட்ரூட், சிவப்புக் கீரை, குரக்கன் ரொட்டி என்று என் தட்டு ஒரே செக்கச்செவேல். முன்பென்றால் அந்தச் சொதிக்கு அப்பா ஒரு முழு விசாரணையே நடத்தியிருப்பார். இப்போது குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

நான்தான் வாதாடினேன். "பசு பச்சைப் புல்லைத் தின்னுட்டு வெள்ளைப் பால் கறக்குதும்மா. அப்ப பச்சைதானே வெள்ளையா மாறுது?" என்றேன். அம்மா அதை நிதானமாக யோசித்தார். அடுத்த நாள் பச்சைப் போஞ்சிக்காயும் நிறுத்தப்பட்டது. அதற்குப் பிறகு உதாரணம் சொல்வதை நான் குறைத்துக்கொண்டேன்.

சித்திரை வருஷப் பிறப்பு வந்தது. பக்கத்து வீட்டு நந்தாவதி அக்கா வருஷம் தவறாமல் எங்களுக்குக் கிரிபத், அதாவது பாற்சோறு, வாழையிலை போட்டுக் கொண்டுவருவார். அம்மா வாசலிலே தவித்துப் போனார். புதுவருஷத்துப் பாற்சோற்றைத் திருப்பி அனுப்பவும் முடியாது, எனக்குக் கொடுக்கவும் முடியாது. இரண்டு பேரும் அரைத் தமிழிலும் அரைச் சிங்களத்திலும் கொஞ்ச நேரம் குசுகுசுத்தார்கள். "அனே பவ்", ஐயோ பாவம், என்று நந்தாவதி அக்கா தட்டோடு திரும்பிப் போனார். நான் வாயூறிக்கொண்டு பார்த்திருந்தேன். வெயில் ஏறுவதற்குள் வேறொரு தட்டோடு வந்தார். தட்டில் இருந்த பாற்சோறு இளஞ்சிவப்பாக இருந்தது. அம்மாவைத் தாண்டி நேரே என் நாற்காலிக்கு வந்து, ஒரு துண்டை என் கையில் வைத்துவிட்டுச் சொன்னார்:

"இது வெள்ளை இல்ல நங்கி, சிவப்பரிசி. பாலுக்கு மட்டும் கண்ணை மூடிக்கிட்டுச் சாப்புடுங்க."

அழ வந்தவர்

கோயில் வீதியில் பூக்கடை வைத்திருக்கும் புஷ்பம் அக்கா என்னைப் பார்க்க வந்தார். செருப்பைக் கழற்றும்போதே அழத் தொடங்கிவிட்டார். நான் எழுந்து நாற்காலி கொடுத்தேன். அழுகை கூடியது. தண்ணீர் கொண்டுவந்தேன். "இந்த நெலமையிலயும் நீ எந்திரிச்சுத் தண்ணி கொண்டாறியே" என்று இன்னும் கூடியது. அம்மா கடைக்குப் போயிருந்ததால் தேநீரும் நானே போட்டேன். முதுகைத் தடவிக் கொடுத்தேன். டாக்டர் சொன்ன நல்ல விஷயங்களை எல்லாம் எடுத்துச் சொன்னேன். சொல்லாத சில நல்ல விஷயங்களையும் சேர்த்துச் சொன்னேன். அவருடைய இரண்டாவது மகனின் போக்கைப் பற்றியும், புருஷனின் இருமலைப் பற்றியும் பேசி முடித்து, தேநீரையும் குடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தபோது எனக்கு நிஜமாகவே காய்ச்சல் அடிக்கத் தொடங்கியிருந்தது. வாசலில் நின்று என் கன்னத்தை வழித்துச் சொன்னார்:

"இப்பத்தான் புள்ள மனசு லேசாச்சு. அடுத்த கெழமையும் வர்றேன்."

மற்றவர் நேர்ந்த தலைமுடி

என் பெயரில், என்னைக் கேட்காமல், யார் யாரோ முத்துமாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டிருக்கிறார்கள் என்பது எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. பெரியப்பா நான் பால்குடம் எடுப்பேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார். அம்மா நான் அங்கப் பிரதட்சணம் செய்வேன் என்று. ரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், கொழுந்து பறிக்கப் போகிறவர்களின் குழந்தைகளை வைத்திருக்கும் பிள்ளைக் காம்பராவில் ஆயாவாக இருக்கும் என் சின்னம்மா, எல்லோரையும் தாண்டி, என் தலைமுடி முழுவதையும் கொடுத்துவிட்டார். கொடுத்த செய்தியைப் பூரிப்போடு என்னிடமே வந்து சொன்னார்.

நான் கொதித்துப் போனேன். "நேர்ந்தது நீங்க, மொட்டை எனக்கா? இன்னொருத்தர் தலையை அடகு வைக்க உங்களுக்கு யாரு உரிமை குடுத்தா? சாமி கேட்டுச்சா? கேட்டிருந்தா என்கிட்டல்ல கேட்டிருக்கணும்!" என்று ஒரு பாட்டம் தீர்த்தேன். உண்மையைச் சொன்னால் கோபம் முடிக்காக இல்லை. குளிசையால் தலைமுடி போனாலும் போகும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். தினமும் சீப்பைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தவளிடம் வந்து, அந்த முடியைத் தானே முன்வந்து கொடுக்கச் சொன்னால் என்ன செய்வது? சின்னம்மா பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்து போய்விட்டார். எல்லோரையும் போல அவரும் என்னிடம் தோற்றுவிட்டார் என்று நினைத்தேன். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்து போய்விட்டார்.

அடுத்த முறை வந்தபோது முந்தானையைத் தலையைச் சுற்றிப் போட்டிருந்தார். உள்ளே வந்ததும் எடுத்தார். எங்கள் குடும்பத்திலேயே நீளமான கூந்தல் அவருடையது. கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் நிற்கிற பெண்கள் அதைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள். இப்போது சந்தனம் பூசிய வழுக்கை மண்டை. இரண்டு காதும் துருத்திக்கொண்டு, குறும்பு செய்துவிட்டு வந்த சிறுமி போல என் முன்னால் நின்றார். திறந்தே இருந்த என் வாயைப் பார்த்துக்கொண்டு அவர் சொன்னார்:

"குடுக்க வேண்டியத நான் குடுத்துட்டேன் பாப்பா. இனி ஆத்தாகிட்ட வழக்குப் பேசுறது உன் பொறுப்பு."

யாருக்குக் கூட?

இந்தத் தொழிலில் எனக்கு ஒரு சக ஊழியர் எங்கள் தெருவிலேயே இருந்தார். சாலி நானா. தெருவுக்கே நானா, அதாவது அண்ணன்; தையற்கடைக்காரர். என் பள்ளிக்கூடச் சீருடை எல்லாம் அவர் தைத்தவைதான். அவருக்கும் இதே நோய், எனக்கு முன்பிருந்தே. கிளினிக் நாட்களில் அம்மாவும் நானும் அவரும் ஒரே ரயிலில் கண்டிக்குப் போய் வருவோம். அப்பா வருவதில்லை. கோர்ட் நாள் என்பார். கோர்ட் இல்லாத நாளிலும் கோர்ட் நாள்தான்.

சாலி நானா வாங்கில் உட்கார்ந்ததும் கேட்கிற முதல் கேள்வி, "மகள், ஒங்களுக்கு இந்த மொற எவ்வளவு?" என்பதுதான். வெள்ளை அணுவின் எண்ணிக்கையை, என்னமோ பரீட்சைப் புள்ளி போலக் கேட்பார். அவருடையது என்னுடையதைவிடக் கூடியிருந்தால் கவலைப்படுவதற்குப் பதிலாக மீசையைத் தடவிக்கொள்வார். "கூடியிருந்தா தோல்வி, நானா, குறைஞ்சிருந்தாத்தான் வெற்றி" என்று விளக்கினேன். சரி என்று தலையாட்டிக்கொண்டார். அடுத்த கிளினிக்கில் என்னுடையது நன்றாக இறங்கியிருந்தது, அவருடையது கொஞ்சந்தான். இருவரும் பரிசோதனை முடிவு எழுதிய துண்டுகளை அக்கம்பக்கமாக வைத்துப் பார்த்தோம். மனிதருக்கு முகம் சுருங்கிப் போனது. புதிய விதிப்படி தோற்றுவிட்டார், பழைய விதிக்கும் திரும்பிப் போக முடியாது. துண்டை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சொன்னார்:

"நோயிலயும் ஒரு பொம்புளப் புள்ளட்ட தோத்தாச்சா மகள்? இத நான் கடையில போய் எப்பிடிச் செல்ற?"

எல்லோரும் என் கட்சி

கம்பஸிலிருந்து விவாதக் குழு நண்பர்கள் பார்க்க வந்தார்கள். நான் காலையிலிருந்தே தலை வாரி, நல்ல சேலை உடுத்திக் காத்திருந்தேன். அவர்களில் குணசீலன் என்று பதுளைக்காரன் ஒருவன். சாப்பாட்டுக் கூடத்தில் தேநீர் ஆறி ஆடை கட்டும்வரை மேசையைத் தட்டித் தட்டி வாதாடுவான். கூட்டத்தின் நடுவில் ஒருமுறை "வசந்தாவுக்குத் தர்க்கம் தெரியாது, சத்தம்தான் தெரியும்" என்று சொன்னவன். அதற்காக நான் அவனோடு மூன்று மாதத் தவணை ஒன்று முழுக்கப் பேசவில்லை. அன்று அவனைக் கண்டதும் பசித்தவள் இலையைக் கண்டதுபோல இருந்தது.

கதிரை நுனியில் உட்கார்ந்து எல்லோரும் மெதுவாகப் பேசினார்கள். ஒரு பேராசிரியரின் புத்தகத்தைத் திட்டினேன். "ஆமா" என்றார்கள். அதையே புகழ்ந்தேன். அதற்கும் "ஆமா". எனக்குப் பயம் பிடித்தது. குணசீலன் என்றைக்கும் விட்டுக்கொடுக்காத விஷயம் ஒன்று உண்டு. அவன் அக்காவைப் படிக்க விடாமல் கட்டிக்கொடுத்தார்கள், அதைப் பற்றி யாராவது வாயைத் திறந்தால் பாய்வான். அங்கேதான் கை வைத்தேன். "யோசிச்சுப் பார்த்தேன். பொம்பளைங்களுக்குப் பல்கலைக்கழகம் எதுக்கு? வீட்டுல இருக்கிறதுதான் சரி" என்றேன். பாய்வான் என்று காத்திருந்தேன். அவன் கையிலிருந்த பிஸ்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கண் கலங்கியிருந்தது. என்னைப் பார்க்காமல் சொன்னான்:

"உங்க கோணத்துல பாத்தா அதுவும் நியாயந்தான், வசந்தா. நீங்க ரெஸ்ட் எடுங்க."

வத்தேகம வரைக்கும்

அதற்கடுத்த கிளினிக்கில் எல்லாம் நல்லபடியாகவே இருந்தது. டாக்டர் என் விலாவுக்குக் கீழே அமுக்கிப் பார்த்து, வீக்கம் நன்றாக வற்றிவிட்டது என்றார். "படிக்கப் போகலாம் எண்டு சொன்னன்தானே, இன்னும் ஏன் வீட்டில நிக்கிறீர்?" என்றுகூடக் கேட்டார். நல்ல செய்தியோடு திரும்புகிற ரயிலில், கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைத் தாண்டுகிறபோது, காரணமே இல்லாமல் எனக்கு அழுகை வந்துவிட்டது.

காரணம் இல்லாமல் என்று சொல்வது பொய். எதிரே அம்மா சன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். விழித்திருக்கிற அம்மாவின் முகத்தில் எனக்காக எப்போதும் ஒரு சிரிப்பு ஒட்டியிருக்கும். தூங்கும்போது அது இல்லை. அது இல்லாத முகம் எவ்வளவு களைத்திருந்தது என்பதை அன்றுதான் பார்த்தேன். நான் இல்லாத வீட்டில் அம்மா எப்படி இருப்பார் என்பதைப் பார்த்துவிட்டது போலிருந்தது. இதுவரை டாக்டரோடு, சின்னம்மாவோடு, சாமியோடு என்று யாரோடாவது வாதாடிக்கொண்டே இருந்தேன். அந்த முகத்தோடு வாதாட என்னிடம் ஒரு சொல்லும் இல்லை. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினேன்.

பக்கத்தில் இருந்த சாலி நானா பதறிப் போனார். வெற்றிலைப் பையை எடுத்தார், வைத்தார். பிறகு எழுந்து, நடைபாதைப் பக்கம் யாரும் பார்க்காதபடி தன் கோட்டை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்படியே குனிந்து, தாழ்ந்த குரலில் சொன்னார்:

"அழுறண்டா வத்தேகம வரைக்கும் நல்லா அழுங்க மகள். அங்கால நம்மளத் தெரிஞ்ச ஆக்கள் ஏறுவாங்க."

எந்தச் சட்டம்?

கம்பஸில் தவணை தொடங்குவதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பெட்டியை அடுக்கி வாசலருகே வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். "நாளைக்குக் காலையில போறேன்" என்றேன்.

"பார்ப்போம்மா" என்றார் அப்பா.

"ஆஸ்பத்திரி இங்கேருந்து கிட்டவா, பேராதனையிலருந்து கிட்டவா?"

"அங்கேருந்துதான் கிட்ட."

"டாக்டர் போகச் சொல்றாரா, இல்லையா?"

"சொல்றாரு."

"அப்ப போகலாமா?"

"பார்ப்போம்மா."

எனக்குத் தலைக்கேறிவிட்டது. "பாக்க வேணாம்! எனக்கு உங்க அனுமதியே தேவையில்ல. பதினெட்டு வயசு தாண்டினா எல்லாரும் மேஜர். சட்டம் அப்படித்தான் சொல்லுது" என்றேன்.

அப்பாவின் கை சோற்றில் நின்றது. மெல்லத் தலையை நிமிர்த்தினார்.

"எந்தச் சட்டம்?"

அந்தக் குரல்! எத்தனை மாதங்களாக நான் கேட்காத குரல். "வோட்டுப் போடுற வயசு பதினெட்டுத்தானே?" என்றேன்.

"வோட்டு வேற, மேஜர் வேற! இருபத்தொண்ணு! நம்ம வீட்டுப் பிரஜாவுரிமையே இன்னும் விசாரணையில கெடக்கு, இல்லாத வோட்ட வச்சு நீ மேஜராகப் பாக்குறியா? கம்பஸ்ல இதத்தான் சொல்லிக் குடுக்கிறாங்களா?" கையைக் கழுவாமலே எழுந்துவிட்டார். விரல்களில் குழம்பு காய்ந்துகொண்டிருந்தது. "கடைசியா அங்க இருந்த தவணை முழுக்கக் காய்ச்சலோட அந்தக் கம்பஸ் மலையில ஏறி எறங்கியிருக்க. ஒரு வார்த்தை சொன்னியா? ஒளிச்சு வச்சவள நம்பி எப்படி அனுப்புறது?"

"ஒளிச்சது நீங்க! நோயோட பேரையே ஒளிச்சீங்க!"

"ஆமா, ஒளிச்சேன்! சொல்ல வாய் வரல்ல, ஒளிச்சேன்!"

அம்மா அகப்பையோடு அடுப்படி வாசலில் நின்றார். பக்கத்து வீட்டில் நந்தாவதி அக்காவின் சன்னல் திறந்தது. ஹோஸ்டலில் மயங்கி விழுந்தால் யார் பார்ப்பது என்றார் அப்பா. வீட்டில் விழுந்தால் மட்டும் யார் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்றேன் நான். திமிர் என்றார். யாருடைய மகள் என்றேன். சத்தத்தோடு சத்தமாக என் வாயிலிருந்து அது வந்துவிட்டது.

"வீட்டுல இருந்தா மட்டும் சாக மாட்டேனா?"

அந்தச் சொல்லை அதுவரை எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. அம்மா நிலையைப் பிடித்துக்கொண்டார். இனி அப்பா பழையபடி "பார்ப்போம்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் கண் நிறைந்திருந்தது. ஆனால் அசையவில்லை. குழம்பு காய்ந்த விரலை என் முன்னால் நீட்டினார்.

"அது வாதமில்ல. மெரட்டல். வாபஸ் வாங்கு."

"வாங்கிட்டேன்" என்றேன்.

"அடுத்த பாயிண்டுக்கு வா."

தேநீர் நேரம் வரைக்கும் வாதாடினோம். காய்ச்சல் வந்தால் அன்றைக்கே வீட்டுக்குத் தெரிய வேண்டும் என்பதை ஒப்புக்கொண்டேன். கிளினிக் நாளில் அம்மா மாத்தளையிலிருந்து வருவார் என்பதையும் ஒப்புக்கொண்டேன். இனிமேல் தானும் வருவதாக அப்பா தானாகவே சொன்னார். சனிக்கிழமை தவறாமல் வீட்டுக்கு வர வேண்டும் என்பதை மட்டும் கடைசி வரைக்கும் எதிர்த்துப் பார்த்தேன். நூலகம், விவாதக் குழு, பயணக் களைப்பு என்று எல்லாவற்றையும் எடுத்துப் போட்டேன். ஒவ்வொன்றாக உடைத்தார். முழுசாகத் தோற்றேன். தோற்றதும் எனக்கு அப்படி ஒரு பசி. அம்மா மறுபடியும் சோறு போட்டார்.

மறுநாள் காலையில் அப்பாதான் ஸ்டேஷனுக்கு என் பெட்டியைத் தூக்கி வந்தார். யாரையும் தொடவிடவில்லை. இருக்கைக்குக் கீழே தள்ளி வைத்துவிட்டு இறங்கி, சன்னலுக்கு வெளியே, என்னைப் பார்க்காமல் என்ஜின் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். ரயில் நகர்ந்ததும் கூடவே நடந்தார். பிறகு ஓட்டமும் நடையுமாக, சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"போ. ஆனா வயசுச் சட்டம் பத்தி நீ சொன்னது பிழை. சனிக்கிழம வந்து என் முன்னால ஒத்துக்கணும்."

நூலகத்தில் தேடிப் பார்த்துவிட்டேன், சக ஊழியர்களே, அப்பா சொன்னதுதான் சரி. ஆனால் அதை ஒத்துக்கொள்ள எனக்கு இன்னும் ஏகப்பட்ட சனிக்கிழமைகள் வேண்டும்.